சித்திலெப்பை எழுதிய தமிழ்

ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்று 1885 என்ற ஆண்டைச் சொல்லாமல் மேலே செல்வதில்லை. கண்டியைச் சேர்ந்த அறிஞர் எம்.ஸி. சித்திலெப்பை எழுதிய ‘அசன்பேயுடைய கதை’ வெளிவந்த ஆண்டு அது. ‘அசன்பே சரித்திரம்’ என்றும் அந்நூலைச் சொல்வார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள்கூட அதை ஒரு புள்ளிக்கான விடையாகப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால், பெயரையும் ஆண்டையும் சொல்லி முடித்தவுடன் பேச்சு அடுத்த நாவலுக்குப் போய்விடுகிறது. யார் அந்த மனிதர், ஏன் அவர் தமிழில் கதை எழுதினார், அந்தக் கதையை வாசித்தவர்கள் யார் என்ற கேள்விகளை நமது இலக்கிய வரலாறுகள் அதிகம் கேட்பதில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விகளைக் கேட்கிறது. அவற்றைக் கேட்கத் தொடங்கினால், முஸ்லிம்களுக்கும் தமிழுக்கும் உள்ள உறவைப் பற்றிய பழைய வழக்கொன்றின் நடுவே போய் நிற்க வேண்டி வருகிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

‘முதல் நாவல்’ என்ற பட்டத்தைப் பற்றி ஒரு சொல். திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட ‘ஊசோன் பாலந்தை கதை’தான் ஈழத்தின் முதலாவது தமிழ் நாவல் என்று நீண்ட காலம் எழுதப்பட்டு வந்தது. அதற்கடுத்ததாக அதே திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’யை, 1895இல் வந்ததை, சொல்வார்கள். 1970களில் எஸ்.எம். கமால்தீன் அவர்களின் முயற்சியால் ‘அசன்பே’ மறுபதிப்புக் கண்ட பின்னர்தான் பலருடைய கைக்கு அந்த நூல் வந்தது. நா. சுப்பிரமணியம் 1978இல் வெளியிட்ட ‘ஈழத்துத் தமிழ் நாவல் இலக்கியம்’ போன்ற ஆய்வுகளில் அது தனக்குரிய இடத்தைப் பெற்றது. யாழ்ப்பாணத்தில் 1856இல் அச்சான ‘காவலப்பன் கதை’யைச் சுட்டிக்காட்டி, அதுவே முந்தியது என்பாரும் உண்டு. அது ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த சிறு நூல். இந்தப் பந்தயத்தில் யார் முந்தியவர் என்ற தீர்ப்பில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நூல் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் இலக்கிய வரலாற்றின் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. எங்கோ காட்டுக்குள் எழுதப்பட்ட ஏட்டுச் சுவடியல்ல அது. அச்சில் வந்த புத்தகம். எழுதியவர் நாடறிந்த பத்திரிகாசிரியர். அப்படியிருந்தும் அது கண்ணில் படவில்லை என்றால், பார்த்தவர்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்கத்தானே வேண்டும்.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838 ஜூன் 11ஆந் திகதி கண்டியில் பிறந்தார். அவருடைய முன்னோர் அளுத்கமையில் குடியேறிய அறபு வணிகர் வழியினர் என்பது குடும்ப வரலாறு. தந்தையார் பிரக்கிராசியாக இருந்தவர். 1833இல் அந்தத் தொழிலுக்கு நியமனம் பெற்று, முஸ்லிம்களில் முதலாவது பிரக்கிராசி என்று பெயர் பெற்றவர். கண்டி இராச்சியம் வெள்ளையர் கைக்குப் போனது 1815இல். பதினெட்டு ஆண்டுக்குள் ஒரு முஸ்லிம் குடும்பம் ஆங்கிலச் சட்டத்தைக் கற்று நீதிமன்றப் படியேறிவிட்டது. ஆங்கிலம் படித்தால் மார்க்கம் போய்விடும் என்று பெரும்பாலான முஸ்லிம்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்த காலம் அது என்பதை நினைத்தால்தான் இதன் பெறுமதி விளங்கும். அக்காலத்து ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷன் பாடசாலைகள். அந்த அச்சத்தில் நியாயமில்லாமலில்லை.

சித்திலெப்பை தமிழ், அறபு, ஆங்கிலம் மூன்றையும் கற்றார். கண்டியில் வளர்ந்தவருக்குச் சிங்களம் தெரியாமல் இருக்க முடியாது. 1862இல் மாவட்ட நீதிமன்றப் பிரக்கிராசியாகவும், 1864இல் உயர் நீதிமன்றப் பிரக்கிராசியாகவும் ஆனார். கண்டி மாநகர சபையில் உறுப்பினராக இருந்தார். பதில் நீதவானாகவும் கடமை பார்த்திருக்கிறார். வீடு, வளவு, வருமானம், மரியாதை எல்லாம் இருந்தன. நாற்பத்து நாலாவது வயது வரையில் அவரைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். இத்தோடு நின்றிருந்தால், கண்டிப் பெரியவர்களில் ஒருவர் என்ற அளவில் அவர் பெயர் பள்ளிவாசல் பதிவேட்டில் முடிந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். வங்காளத்தில் நாவலைத் தொடங்கி வைத்த பங்கிம் சந்திரர் உதவி மாஜிஸ்திரேட். தமிழ் நாட்டில் 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பு. மலையாளத்தில் 1889இல் ‘இந்துலேகா’ எழுதிய ஓ. சந்துமேனவனும் நீதிபதி. கண்டிச் சித்திலெப்பை பிரக்கிராசி. நீதிமன்றத்தில் நாளெல்லாம் சாட்சிக்காரர் வாயால் சனங்களின் கதைகளைக் கேட்டுக்கேட்டு இருந்தவர்கள் இவர்கள். செய்யுளில் அடங்காத கதைகள் அவை. இன்ன ஊரில், இன்ன திகதியில், இன்னாருக்கு இன்னது நடந்தது என்று ஆளும் இடமும் பிசகாமல் சொல்லவேண்டிய கதைகள். உரைநடையில் கதை சொல்லும் பழக்கம் இந்த நாடுகளில் நீதிமன்ற வாசலால் வந்தது என்று யாராவது ஆராய்ந்தால் பிழை சொல்ல மாட்டேன்.

சித்திலெப்பையைக் கண்டியிலிருந்து கிளப்பிவிட்டது 1882ஆம் ஆண்டு. அந்த ஆண்டு ஜூலையில் ஆங்கிலேயர் அலெக்சாந்திரியாவைக் கப்பலிலிருந்து குண்டு போட்டுத் தகர்த்தார்கள். செப்டெம்பர் 13ஆந் திகதி தெல்-எல்-கபீர் என்ற இடத்தில் அஹ்மத் அறபி பாஷாவின் படை தோற்றது. எகிப்து எகிப்தியருக்கே என்று எழுந்த அந்தப் படைத்தளபதிக்கு முதலில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. கடத்திய இடம் இலங்கை. 1883 ஜனவரியில் அவரும் மற்றும் ஆறு பாஷாக்களும் குடும்பங்களோடு கொழும்பில் வந்து இறங்கினார்கள்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1882 டிசெம்பர் 21ஆந் திகதி, கண்டியில் ‘முஸ்லிம் நேசன்’ என்ற தமிழ் வாரப் பத்திரிகையின் முதல் இதழை சித்திலெப்பை வெளியிட்டிருந்தார். எகிப்தின் செய்தியை அறிய ஆவலாய் இருந்த ஒரு சமூகத்துக்கு அதன் மொழியிலேயே ஒரு பத்திரிகை கிடைத்தது. தமிழில் பத்திரிகை புதிதல்ல. அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’யைத் தொடங்கியது 1841இல். கொழும்பில் 1869இலேயே மலாய் முஸ்லிம்கள் ‘ஆலமத் லங்காபுரி’யைத் தங்கள் மொழியில் நடத்தினார்கள். ஆனால் இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கென்று, அவர்களுடைய காரியங்களைப் பேசுவதற்கென்று வந்த முன்னோடிப் பத்திரிகைகளில் ஒன்று ‘நேசன்’. தென்னிந்தியாவிலும் மலாயாக் கரையிலும் அதை வாசித்தார்கள். 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்று பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கியபோது, அந்தப் பெயரின் பாதி கண்டியிலிருந்து கப்பலேறிப் போனது என்று நான் நினைப்பதுண்டு.

அறபி பாஷாவும் சித்திலெப்பையும் நெருங்கிப் பழகினார்கள். கொழும்பில் பாஷாவைப் பார்க்க முஸ்லிம்கள் திரண்டார்கள். அவர் அணிந்த துருக்கித் தொப்பி அடுத்த தலைமுறையின் தலையில் ஏறியது. 1905இல் எம்.ஸி. அப்துல் காதர் என்ற சட்டத்தரணி அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றலாமா என்பது நாட்டையே கிளப்பிய விவகாரமாயிற்று. ஆனால் தொப்பியைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்தது. உலகத்தை வென்றவன் வெள்ளைக்காரன், அவனை எதிர்த்து நின்றவர் நம் ஊரில் வந்து குடியிருக்கிறார், அவரே சொல்கிறார் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று. இந்தச் சொல்லை ஊருக்கு ஊர் கொண்டுசெல்ல ஒரு பத்திரிகையும் கையில் இருந்தது. சித்திலெப்பை தொழிலை விட்டார். கண்டியை விட்டுக் கொழும்புக்கு இறங்கினார்.

‘அசன்பேயுடைய கதை’ பிறந்தது இந்த நேரத்தில். கெய்ரோ நகரத்தில் பெரிய குடும்பத்தில் பிறந்த ஒரு குழந்தை களவாடப்படுகிறது. பம்பாயில் வளர்கிறது. இளைஞனாகிக் கல்கத்தா போய், ஆங்கிலேயர் ஆதரவில் ஆங்கிலக் கல்வி பெறுகிறான். இடையில் துன்பங்கள், தப்புதல்கள், காதல். கடைசியில் தன் பிறப்பை அறிந்து எகிப்து சேர்கிறான். ‘பே’ என்பது துருக்கி ஆட்சியில் வழங்கிய பட்டம். அது அவன் பெயரோடு சேர்கிறது. கதை என்று பார்த்தால் பழைய ‘காணாமற்போன இராசகுமாரன்’ கதைதான். அந்தக் காலத்து வாசகருக்கு அது போதுமானது. இன்றைய அளவுகோலை வைத்து அசன் என்ற பாத்திரத்தின் உள்மனம் எங்கே என்று தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் கிடைக்கும்.

இந்தக் கதையில் இலங்கை இல்லை என்று குறை சொன்ன விமர்சகர்கள் உண்டு. கண்டி இல்லை, கொழும்பு இல்லை, ஈழத்து மண்ணின் வாசனை இல்லை, ஆகவே இதை ஈழத்து நாவல் என்பதெப்படி என்று கேட்டார்கள். ‘ஊசோன் பாலந்தை’யும் ஐரோப்பியக் கதையைத் தழுவியதுதான் என்பதை அவர்கள் மறந்து போனார்கள். அதை விடுவோம். 1885இல் கொழும்பிலோ கண்டியிலோ ஒரு முஸ்லிம் வீட்டில் எகிப்து என்பது தூரதேசமா? பாஷா கொழும்பில் குடியிருக்கிறார். அவருடைய நாட்டுச் செய்தி வாரந்தோறும் ‘நேசனி’ல் வருகிறது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் சொந்தக்காரருக்கு வியாபாரம். ஹஜ்ஜுக்குப் போகிற கப்பல் பாதை அது. கெய்ரோ, பம்பாய், கல்கத்தா என்று அந்தக் கதை சுற்றிய சுற்று, அதை வாசித்தவர்களுடைய கடிதங்களும் சரக்குகளும் சுற்றிய சுற்றுத்தான். மண்வாசனை என்ற சொல்லை வைத்து இலக்கியத்தை அளந்தவர்கள் நிலத்தில் நின்று அளந்தார்கள். இந்தக் கதை கடலில் நடந்த வாழ்க்கையைச் சேர்ந்தது.

அசன் ஆங்கிலக் கல்வி பெறுகிறான் என்று மேலே சொன்னேன். கதையில் அது ஒரு சம்பவம். அதை எழுதியவருக்கு அது வாதம். ஆங்கிலம் படித்த ஒரு முஸ்லிம் இளைஞன் மார்க்கத்தை விடாமலே உயர்ந்த இடம் சேரலாம் என்பதைத் தலையங்கமாக எழுதினால் சண்டைக்கு வருவார்கள். கதையாக எழுதினால் படுத்துக்கொண்டு வாசிப்பார்கள். வாசித்து முடிக்கும்போது பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று கொஞ்சமாவது யோசிப்பார்கள். நாவல் என்ற புதிய வடிவத்தை அவர் எடுத்துக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

பாடசாலைக் காரியத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. 1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ‘அல் மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா’வைத் தொடங்கினார். போதிய ஆதரவின்றி அது தளர்ந்தது. கண்டியிலும் வேறு ஊர்களிலும் சிறு பாடசாலைகள் வைத்தார். பெண் பிள்ளைகளுக்குக் கண்டியில் தொடங்கிய பாடசாலையைத் தம் சகோதரி முத்து நாச்சியாவின் பொறுப்பில் விட்டார். பெண்களுக்கு எழுதக் கற்பிக்கலாமா என்று வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், வாதத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுத் தங்கையை ஆசிரியையாக்கியது எனக்குப் பிடித்த விஷயம். 1892இல் மருதானைப் பள்ளிவாசலை அண்டி மறுபடியும் ஒரு பாடசாலை எழுந்தது. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரின் பொருளும், அறபி பாஷாவின் ஆதரவும் அதற்குக் கிடைத்தன. பின்னாளில் சாஹிறாக் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுதான்.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கியபோது என்ன எண்ணத்தோடு தொடங்கினாரோ, 1880இல் இலங்கைக்கு வந்த ஒல்கொட் பௌத்தப் பாடசாலைகளுக்குப் பணம் திரட்டியபோது என்ன எண்ணமோ, அதே எண்ணம்தான் சித்திலெப்பைக்கும். மிஷனாரின் கல்வி வேண்டும், மிஷனாரின் வேதம் வேண்டாம். ஒரே கேள்விக்கு மூன்று சமூகங்கள் ஒரே விடையை எழுதின. மற்ற இருவருக்கும் இல்லாத ஒரு கூடுதல் சிக்கல் சித்திலெப்பைக்கு இருந்தது. சைவப் பிள்ளைக்குத் தமிழில் படிப்பிக்கலாமா என்று நாவலரை யாரும் கேட்கவில்லை. முஸ்லிம் பிள்ளைக்கு எந்த மொழி? அறபு ஓதத் தெரிய வேண்டும். வீட்டுக்கு அறபுத்தமிழ், அதாவது அறபு எழுத்தில் எழுதிய தமிழ். பேருவளை முஸ்தபா ஆலிம், கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற மேதைகளின் நூல்கள் அந்த எழுத்தில் இருந்தன. பெண்கள் அதையே வாசித்தார்கள். உத்தியோகத்துக்கு ஆங்கிலம். சந்தைக்குச் சிங்களம். இந்த நாலுக்கும் இடையில் தமிழ் எழுத்தில் எழுதிய தமிழுக்கு என்ன இடம்?

சித்திலெப்பை அதற்கு மேடையில் விடை சொன்னாரோ இல்லையோ, அச்சகத்தில் சொன்னார். கதையைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். அறபுத்தமிழில் அச்சிட்டிருந்தால் முஸ்லிம் வீட்டுக்குள் இன்னும் ஆழமாகப் போயிருக்கும். ஆனால் அந்த வீட்டைத் தாண்டியிராது. தமிழ் எழுத்தில் வந்ததால் மாத்தளைச் செட்டியாரும் மட்டக்களப்புப் போடியாரும் வாசிக்கக்கூடிய நூல் அது. வாசிக்காமல் விட்டது அவர்கள் பாடு.

இனி அந்தப் பழைய வழக்குக்கு வருகிறேன். ‘அசன்பே’ வந்து மூன்று வருடங்களின் பின், 1888இல், சட்டசபையில் தமிழ் பேசுவோரின் பிரதிநிதியாயிருந்த பொன்னம்பலம் இராமநாதன், வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் இலங்கைச் சோனகரின் இனவரலாறு பற்றி ஓர் ஆங்கிலக் கட்டுரை வாசித்தார். சோனகர் பேசுவது தமிழ், அவர்களுடைய பழக்கவழக்கங்கள் பல தமிழருடையவை, ஆகவே அவர்கள் மதத்தால் முஸ்லிம்கள், இனத்தால் தமிழர் என்பது அதன் முடிவு. அடுத்த ஆண்டு, 1889இல், சட்டசபையில் முஸ்லிம்களுக்கென்று தனி இடம் கொடுக்கப்பட்டு எம்.ஸி. அப்துல் றஹ்மான் நியமனமானார். சோனகரும் தமிழரே என்றால் தனிப் பிரதிநிதி எதற்கு? இராமநாதனின் ஆராய்ச்சிக்குப் பின்னால் இந்தக் கேள்வி இருந்தது என்று முஸ்லிம்கள் கருதினார்கள். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய மறுப்பில் அதை வெளிப்படையாகவே சொன்னார். சோனகரின் மூதாதையர் அறபிகள் என்று நிறுவுவது அவர் நோக்கம். அப்துல் அஸீஸ் சித்திலெப்பையின் வழியில் வந்தவர். ‘முஸ்லிம் பாதுகாவலன்’ என்று தமிழில் பத்திரிகை நடத்தியவர்.

நான் இதை எழுதுவது மருதனார்மடத்திலிருந்து. இராமநாதன் 1913இல் பெண்களுக்கென்று கட்டிய கல்லூரி இங்கேதான், காங்கேசன்துறை வீதியில் இருக்கிறது. அவர் எங்கள் பக்கத்தில் கல்விக்குச் செய்தது சிறிதல்ல. பெண் கல்வியில் அவரும் சித்திலெப்பையும் ஒரே பக்கத்தில் நின்றவர்கள். ஆனாலும் 1888ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் செய்தது, ஒருவரைக் கேளாமலே அவருக்குப் பெயர் வைக்கிற வேலை என்பதை இவ்வூரில் இருந்துகொண்டே சொல்லத்தான் வேண்டும். 1915 கலவரத்தில் சோனகர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, அவர்தான் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார். இராணுவச் சட்டத்தின் கொடுமையை எதிர்த்தது நியாயமே. இனத்தால் நீங்கள் எங்களவர் என்று சொல்லப்பட்டவர்கள், தங்கள் துன்பத்துக்காக அந்தக் குரல் அவ்வளவு உயரவில்லையே என்று கேட்டதும் நியாயமே.

இந்த வழக்கில் இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவதைக் கவனியுங்கள். தமிழ் பேசுகிறவன் தமிழன் என்றார் இராமநாதன். தமிழரல்ல என்று காட்ட வேண்டியிருந்ததால், தமிழ் வந்து ஒட்டிக்கொண்ட மொழிதான் என்று காட்ட வேண்டிய நிலைக்கு மறுதரப்பும் தள்ளப்பட்டது. மொழியும் இனப்பெயரும் ஒன்றாகக் கட்டப்பட்ட மூட்டை என்ற எண்ணத்தை இரண்டு பேருமே அவிழ்க்கவில்லை. அதற்கு முந்திய சித்திலெப்பையின் எழுத்தில் அந்த மூட்டையே இல்லை. அவர் முஸ்லிம், அறபு வழி வந்த குடும்பத்தவர் என்பதில் பெருமை உள்ளவர், துருக்கி சுல்தானின் வெற்றி தோல்விகளைத் தம்முடையதாக நினைத்தவர். எழுதியது தமிழில். தமிழில் எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டும் என்றோ, எழுதியதனால் யாருக்காவது கணக்குச் சொல்ல வேண்டும் என்றோ அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. வீட்டில் பிறந்தவன் வாசற்படியில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்பதில்லை.

1888இல் ஆங்கில மண்டபத்தில் வைத்து ‘நீங்கள் தமிழர்’ என்றார்கள். 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாணத்துச் சோனகதெருவில் ஒலிபெருக்கி வைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடுங்கள் என்றார்கள். தமிழீழ விடுதலைப் புலிகள் அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் அதிகமானவர்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் வாழ்க்கையை மறுபடி தொடங்கினார்கள். 2009இற்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் குறைவு. நான் அப்போது சிறுவன். பெரியவர்கள் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. இன்றும் எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சு வந்தால் ‘அது அந்தக் காலம்’ என்று முடித்துவிடுவார்கள். போனவர்கள் எடுத்துச் செல்ல விடப்படாத பொருள்களில் நகை இருந்தது, பணம் இருந்தது, காணி உறுதி இருந்தது. எடுத்துப் போனது தமிழை. புத்தளத்து முகாம்களில் பிறந்த பிள்ளைகள் தமிழிலேயே படித்தார்கள், தமிழிலேயே கவிதை எழுதினார்கள். துப்பாக்கி காட்டி அனுப்பியவர்கள் பேசிய அதே மொழியில்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் பற்றிச் சொல்லும்போது மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் நினைவுக்கு வராமலிருக்க மாட்டார். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்து, இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம் ஆனார். பின்னர் அந்தப் பெரிய உத்தியோகத்தை விட்டு 1948இல் சாஹிறாக் கல்லூரி அதிபராகப் போனார். சித்திலெப்பையையும் அறபி பாஷாவையும் பற்றி அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் அவர். நீதிமன்றத் தொழிலை விட்டுப் பாடசாலைக்குப் போன கண்டிக்காரருக்கும், சிவில் சேவையை விட்டு அதே பாடசாலைக்குப் போன யாழ்ப்பாணத்தவருக்கும் இடையில் ஒரு கோடு ஓடுகிறது. சைவப் பாடசாலையில் கற்ற தமிழை அவர் சாஹிறாவுக்குக் கொண்டுபோனார் என்பதும் அந்தக் கோட்டில் ஒரு புள்ளி.

சித்திலெப்பையின் நடையைப் பற்றி ஓர் ஆசிரியன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. நாவலர் பரம்பரையில் வந்த உரைநடை இலக்கணம் கற்றவர் கையில் அழகாக நிற்கும். சனங்கள் பேசுகிற பேச்சு அதற்குள் எளிதில் நுழைவதில்லை. சித்திலெப்பையின் உரைநடை பத்திரிகைக்காரரின் உரைநடை. வாக்கியம் நீண்டு போகும். அறபுச் சொல்லும் ஆங்கிலப் பட்டமும் வடசொல்லும் தமிழோடு கூச்சமின்றிப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். இலக்கணப் பண்டிதர் சிவப்பு மை எடுத்தால் மை தீர்ந்துவிடும். ஆனால் கப்பலும் துறைமுகமும் பாஷாவும் கவர்னரும் வருகிற ஒரு கதையைச் சொல்ல அந்தத் தமிழால் முடிந்தது. நீண்ட காலம் நமது விமர்சகர்கள் அதைப் பொருட்படுத்தாததற்கு இந்த நடையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பண்டிதத் தமிழே தமிழ் என்றிருந்தவர்களுக்கு இது ‘சோனகத் தமிழ்’. அப்படிச் சொல்லி ஒதுக்கிய வழக்கம் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. முஸ்லிம் பேச்சுவழக்கில் ஒரு சிறுகதை பாடநூலுக்கு வந்தால், ‘இந்தச் சொற்களுக்கெல்லாம் அரும்பதம் எங்கே’ என்று முதலில் கேட்கிறோம். யாழ்ப்பாண வழக்கில் வந்தால் கேட்பதில்லை.

கடைசிப் பத்து ஆண்டுகளில் அவருடைய மனம் ஞான மார்க்கத்தில் ஆழ்ந்தது. 1892இல் ‘ஞானதீபம்’ என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். 1897இல் ‘அஸ்றாறுல் ஆலம்’ என்ற மெய்ஞ்ஞான நூலை வெளியிட்டார். பிரபஞ்சத்தின் இரகசியங்கள் என்பது அதன் பொருள். ஆங்கிலப் படிப்பை ஆதரித்ததற்காக ஒரு சாரார் அவரைக் குறை சொன்னார்கள். ஞானம் பேசியதற்காக இன்னொரு சாரார். சேர்த்த பொருளில் பெரும்பகுதி அச்சகத்திலும் பாடசாலைகளிலும் போயிருந்தது. 1977இல் இலங்கைத் தபால் திணைக்களம் அவர் படம் போட்ட முத்திரை வெளியிட்டது. கண்டியில் அவர் பெயரில் பாடசாலை இருக்கிறது. அவர் எழுதியவற்றில் ‘அசன்பே’ ஒன்றைத் தவிர மற்றவை இன்று பெயரளவில்தான் பலருக்குத் தெரியும். ‘முஸ்லிம் நேசனி’ன் பழைய இதழ்களைத் தேடி, கிடைத்தவற்றையாவது ஒரு தொகுப்பாக அச்சிடும் வேலையை நமது எழுத்தாளர் அமைப்புகளில் ஒன்று எடுத்துக்கொண்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றில் ஒரு அத்தியாயத்தையே மாற்றி எழுத வேண்டி வரும் என்பது என் எண்ணம். பல்கலைக்கழகத்துத் தமிழ்த் துறைகளுக்கும் இதில் கடமை உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இராமநாதன் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில் 1974இல் பிறந்தது என்பதால் அந்தத் துறைக்கு இந்தக் கடமை ஒரு பங்கு கூட என்பேன்.

1897 ஏப்ரலில் துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் யுத்தம் மூண்டு, ஒரு மாதத்தில் துருக்கி வென்று முடிந்தது. சித்திலெப்பை அதைப் பற்றி ‘துருக்கி கிரேக்கர் யுத்த சரித்திரம்’ என்று தமிழில் ஒரு நூல் எழுதினார். வயது ஐம்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. 1898 பெப்ரவரி 5ஆந் திகதி அவர் வபாத்தானார். அறபி பாஷா அப்போது கண்டியில் குடியிருந்தார். அவருக்கு ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது 1901இல்தான்.